ஒரு டிஸ்க்கா, ரெண்டு டிஸ்க்கா? மலை இறங்குற பைக்கின் கதை

ஹட்டன் டவுன்ல பழைய ஜப்பான் பைக் ஒண்ணு விலைக்கு நிக்குதுன்னா, நாலு பேர் சுத்தி நின்னு முதல்ல பார்க்கிறது முன் சக்கரத்தைத்தான். "டபுள் டிஸ்க் மச்சான்" என்று ஒருத்தன் சொன்னா போதும், விலை பேசுறவனுக்குத் தெம்பு வந்துவிடும். சிங்கிள் டிஸ்க் என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும். டிரம் என்றால் பேச்சே இல்லை, அது தாத்தா காலத்துச் சாமான். இந்தத் தரவரிசை எங்கிருந்து வந்தது? ரெண்டு வட்டத் தகடு இருந்தா ரெண்டு மடங்கு பிரேக் என்று யார் நமக்குச் சொல்லித் தந்தது? நம்ம ரோடுகளுக்கு அது பொருந்துமா? இதைக் கொஞ்சம் பின்னால போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல்ல ரோட்டிலிருந்தே தொடங்குவோம். ஏனென்றால் பிரேக்கின் கதை பாதி ரோட்டின் கதை.

மத்திய மலைநாட்டின் பெரிய வீதிகள் எதுவும் மோட்டார் வண்டிக்காக வெட்டப்பட்டவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில், தாமஸ் ஸ்கின்னர் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் காலத்தில், படை போகவும் பின்னால கோப்பி இறங்கவும் வெட்டினார்கள். கோப்பி மூட்டையை இழுத்தது மாடு. மாட்டுக் கரத்தை செங்குத்தா ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அதனால்தான் றம்பொடையில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோடு மலையை நேரா வெட்டாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. வளைவு அதிகம், சரிவு குறைவு. பிறகு 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, 1885இல் நானுஓயாவுக்கு. கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை எழுந்த நேரம் அது. பாரம் ரயிலுக்குப் போனது, ரோடு அதே வளைவோட நின்றது. இன்றைக்கும் ஏ5 வீதியிலயும் ஏ7 வீதியிலயும் நாம் ஓட்டுவது மாட்டுக்குப் போட்ட கணக்கில்தான்.

ஆனால் பெரிய வீதியை விட்டு உள்ளே திரும்பிய உடனே கதை மாறிவிடும். தோட்டத்து ரோடு, அதாவது கொழுந்து லொறி ஏறுகிற, லயத்துக்கும் ஃபேக்டரிக்கும் மலைக்கும் போகிற ரோடு, யாருடைய வசதிக்காகவும் சரிவைக் குறைத்துப் போடப்பட்டதில்லை. கல் பதித்த ஏத்தம், மழைக்கு அரிச்ச விளிம்பு, திடீர்னு ஒரு கொண்டை வளைவு. பிரேக்கைச் சோதிக்கிறது இந்த ரோடுதான். கம்பனிகள் பைக்கை சோதிக்கிறது வேற மாதிரி இடத்துல.

மலைநாட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது துரைமாரோடு. சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் மலை சுற்றுவதும், சத்தம் கேட்டவுடனே நிரையில் கொழுந்தெடுக்கிறவர்கள் கையை வேகமாக்குவதும் பழைய ஆட்கள் சொல்லுகிற கதைகளில் இன்னும் இருக்கிறது. அப்போது மோட்டார் சைக்கிள் என்பது கண்காணிக்கிறவனின் வண்டி. நடக்கிறவர்கள் நாம். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் எல்லாத்துக்கும் டிரம் பிரேக்தான்: சக்கரத்தின் நடுவில் ஒரு சட்டி, உள்ளே ரெண்டு ஷூ, கேபிளை இழுத்தால் ஷூ விரிந்து சட்டியில் உரசும்.

அந்தத் துரைமார் காலத்தின் ஒரு மிச்சம் இன்னும் இருக்கிறது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. இலங்கையின் மிகப் பழைய மோட்டார் விளையாட்டுப் போட்டி என்று சொல்லப்படுவது. ஏப்ரல் சீசனில் கார்களும் பைக்குகளும் தோட்டத்து ரோட்டில் மேலே பறக்கும், யாருக்கு நேரம் குறைவு என்று பார்ப்பார்கள். ராதெல்லவிலும் இதே மாதிரி ஒரு பந்தயம் உண்டு. எனக்கு இதில் எப்போதும் ஒரு விசயம் உறுத்தும். பந்தயம் ஏறுவதற்கு. ஏறுவதில் கேள்வி எஞ்சினுக்கு. மலையின் ஈர்ப்பே வண்டியை நிறுத்த உதவி செய்யும், பிரேக் ரெண்டாம் பட்சம். பந்தயத்தில் ஜெயிச்சவனுக்குக் கப் உண்டு. ஒவ்வொரு நாளும் பின்னால ஒரு ஆளையும் ஒரு மூட்டையையும் வச்சுக்கிட்டு மழையில் இறங்குறவனுக்கு யாரும் கொடி அசைக்கிறதில்லை. அதே ராதெல்ல பக்கத்துக் குறுக்கு ரோட்டில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் செத்துப்போனது நம்மில் பலருக்கு வெறும் செய்தி இல்லை.

சரி, டிஸ்க் கதைக்கு வருவோம்.

டிரம் பிரேக்குக்கு ஒரு பிறவிக் குறை. உரசினால் சூடு, சூடானால் இரும்புச் சட்டி விரியும். எந்தப் பக்கம் விரியும்? ஷூவை விட்டு வெளிப்பக்கம். ஆகவே எவ்வளவு அதிகம் பிடிக்கிறீங்களோ அவ்வளவு தூரம் சட்டி விலகிப் போகும், லீவரை இன்னும் இழுக்க வேண்டும். சூடு உள்ளேயே அடைந்து கிடக்கும். நீண்ட இறக்கத்தில் "பிரேக் எறங்கிருச்சு" என்று சொல்வது இதைத்தான். டிஸ்க் நேர் எதிர். தகடு வெளியே காற்றில் சுற்றுகிறது, சூடானால் தடிக்கும், தடித்தால் பேடுக்குக் கிட்ட வரும். இந்த ஒரு வித்தியாசம்தான் பெரிய வித்தியாசம். ஒரு டிஸ்க்குக்கும் ரெண்டு டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் இதற்குப் பக்கத்தில் சின்னது. இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே வாசிங்க.

1962இல் இத்தாலியின் லாம்ப்ரெட்டா, டிவி175 என்ற ஸ்கூட்டரில் முன் டிஸ்க் போட்டது. பெருமளவில் செய்து விற்ற ரெண்டு சக்கர வண்டிகளில் டிஸ்க் வந்தது இதில்தான் முதலில். ஆமா, ஸ்கூட்டரில். பந்தய பைக்கில் இல்லை. ஆனால் அது கேபிளால் இழுக்கிற டிஸ்க், எண்ணெய் அழுத்தம் கிடையாது. 1960களின் நடுவில் எம்வி அகஸ்டா தன் 600 சிசி வண்டியில் முன்னால் ரெண்டு டிஸ்க் போட்டது, அதுவும் கேபிள்தான். ஆக, டபுள் டிஸ்க் என்பது பின்னால் வந்த முன்னேற்றம் என்று நாம் நினைப்பது சரியில்லை. ஹைட்ராலிக் சிங்கிள் டிஸ்க் தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே டபுள் வந்துவிட்டது.

கதையைத் திருப்பியது ஹோண்டா சிபி750. 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் காட்டி, 1969இல் விற்பனைக்கு விட்டார்கள். நாலு சிலிண்டர், 736 சிசி, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். எடை 200 கிலோவுக்கு மேல். டிரம் போட்டும் டிஸ்க் போட்டும் ரெண்டு விதமாக மாதிரி வண்டி செய்து வைத்திருந்தார்கள். திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யோஷிரோ ஹராடா. டிஸ்க் என்றால் தயார் பண்ண இன்னும் நேரம் எடுக்கும் என்று அவர் போய்ச் சொன்னபோது, சொய்ச்சிரோ ஹோண்டா யோசிக்காமல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார் என்று அந்தக் கம்பனியின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 296 மில்லிமீட்டர் தகடு ஒன்று, ஒரு பக்கம் மட்டும். உலகத்தின் முதல் 'சூப்பர் பைக்' என்று பேர் வாங்கிய வண்டிக்கு சிங்கிள் டிஸ்க்தான் என்பதை, ஹட்டன் டவுன்ல முகம் சுருங்குற நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

1972இல் கவாசாகி இசட்1 வந்தது. 903 சிசி. அதுக்கும் முன்னால் ஒரு டிஸ்க். ஆனால் முன் ஃபோர்க்கின் மற்றப் பக்கத்திலும் கலிபர் மாட்டுவதற்கான காது வார்த்தே அனுப்பினார்கள். வேணும்னா இன்னொன்று வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். 1976இல் அதன் அடுத்த வடிவம் வந்தபோது ஐரோப்பாவில் விற்றது டபுள் டிஸ்க்கோடு, அமெரிக்காவில் விற்றது சிங்கிள் டிஸ்க்கோடு. அதே எஞ்சின், அதே சட்டகம். பொறியியல் ரெண்டு நாட்டிலும் ஒன்றுதான், வேறுபட்டது சந்தை. யார் எவ்வளவு வேகமாக ஓட்டுவார்கள், யார் எவ்வளவு காசு கொடுப்பார்கள் என்ற கணக்கில் ஒரு டிஸ்க் கூடும், ஒரு டிஸ்க் குறையும்.

இந்தக் கணக்கு நம்ம பக்கம் வந்தபோது எப்படி இருந்தது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம். யமஹா ஆர்டி350, 1973இல் ஜப்பானில் இருந்து வந்தபோது முன் சக்கரத்தில் டிஸ்க். பத்து வருசம் கழித்து, 1983இல், இந்தியாவின் எஸ்கார்ட்ஸ் கம்பனி அதே வண்டியை ராஜ்தூத் 350 என்ற பேரில் ஃபரிதாபாத்தில் செய்யத் தொடங்கியது. டிஸ்க்கைக் கழட்டிவிட்டு டிரம் போட்டார்கள். செலவைக் குறைக்க. எஞ்சின் பலத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள்தான், ஆனாலும் அந்தக் காலத்து இந்திய ரோட்டில் அதைப்போல ஓடுகிற வண்டி வேறு கிடையாது. அதுவும் டூ-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி கியரில் பிடிச்சு இழுத்து வைக்காது, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். அப்படிப்பட்ட வண்டியில் பிரேக்கைத்தான் குறைத்தார்கள். ஓடுகிற பகுதிக்குக் காசு செலவழிக்கலாம், நிற்கிற பகுதிக்கு வேண்டாம் என்ற அந்த முடிவு, பணக்கார நாட்டுக்கு ஒரு பைக், எங்களுக்கு ஒரு பைக் என்பதன் வெளிப்படையான சான்று. இன்றைக்கு அந்த வண்டியைச் சேர்த்து வைக்கிறவர்கள் தேடித் தேடி டிஸ்க் பூட்டுகிறார்கள், அது வேற கதை.

இந்தியாவில் டிஸ்க் சாதாரண ஆளின் கைக்கு வந்தது 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் வந்த பஜாஜ் பல்சர் போன்ற வண்டிகளோடு. அதற்கு முன்னாலேயே என்ஃபீல்ட் கம்பனி ஃபியூரி 175 என்ற வண்டியில் டிஸ்க் போட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. பல்சர் எங்க ஊருக்கும் வந்தது. 1990களில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போய், பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய், கொஞ்சம் காசு திரும்பி வரத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு. லீசிங்கில் எடுத்த பைக் லயத்து வாசலில் நிக்கத் தொடங்கியது. சின்னத்துரையின் வண்டி நம்ம வண்டியானது. இதை ஒரு சமூக வரலாறாக யாராவது முழுசா எழுத வேண்டும். நான் இங்கே முன் சக்கரத்தை மட்டும் பார்க்கிறேன்.

இன்னொரு பக்கம், பாவித்த ஜப்பான் பைக்குகள். ஜப்பானில் 250 சிசி வரைக்கும் உள்ள பைக்குகளுக்கு, கார்களுக்கும் பெரிய பைக்குகளுக்கும் இருக்கிற அந்தச் செலவு பிடிச்ச வாகனப் பரிசோதனை கிடையாது. 400 சிசி வரைக்கும் ஓட்ட நடுத்தர லைசென்ஸ் போதும். ஆகவே 1980களிலும் 90களிலும் ஜப்பான் கம்பனிகள் 250க்கும் 400க்கும் உயிரைக் கொடுத்துப் போட்டி போட்டன. ஹோண்டாவின் சிபிஆர்250ஆர்ஆர் முன்னால் டபுள் டிஸ்க். 250 சிசியில் நாலு சிலிண்டர், பந்தயத் தோற்றம், டபுள் இல்லாமல் விற்க முடியாது. ஆனால் அதே கம்பனியின் ஜேட் 250, விடிஆர்250 ரெண்டும் சிங்கிள். கவாசாகி பாலியஸ் சிங்கிள், சுசூகி பேண்டிட் 250 சிங்கிள். 1992இல் வந்த சிபி400 சூப்பர் ஃபோர் டபுள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: பந்தய வேசம் போட்ட 250க்கு டபுள், தெருவில் ஓட்டுகிற 250க்கு சிங்கிள், பாரமான 400க்கு டபுள். நம்ம ஊர் ஆட்களுக்கு டபுள் மேல ஆசை வந்தது இந்த வண்டிகளில் இருந்துதான் என்று நினைக்கிறேன். அழகா இருக்கும், மறுக்கவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஓ/எல் விஞ்ஞானம்தான்.

பைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வைப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போய் நின்றால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 35 கிலோஜூல். ஒரு கிலோ எடையுள்ள இரும்புத் தகடு அதை முழுசா வாங்கினால் 70 பாகை சூடாகும். ரெண்டு தகடு இருந்தால் ஒவ்வொன்றும் அதில் பாதி. ஒரு தடவை நிற்பதற்கு இது ஒன்றுமே இல்லை, சிங்கிள் தாராளமாகப் போதும். இன்னும் சொன்னால், நல்ல நிலையில் உள்ள ஒரு டிஸ்க்கே 150 சிசி பைக்கின் முன் டயரை வழுக்க வைக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரத்தைத் தூக்கும். நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது கடைசியில் டயரும் ரோடும். ரெண்டாவது தகடு டயரின் பிடியைக் கூட்டாது. வேகமான வண்டி திரும்பத் திரும்ப நிற்கும்போது வருகிற சூட்டைப் பங்கு போடவும், ரெண்டு ஃபோர்க் காலிலும் பாரத்தைச் சமமாகப் பகிரவும், விரலுக்கு லேசான பிடி கொடுக்கவும்தான் அது.

இப்போது அதே பைக்கைத் தோட்டத்து ரோட்டில் இறக்குவோம். ரெண்டு கிலோமீட்டர் தூரத்தில் 200 மீட்டர் இறக்கம், இது நம்மிடம் அபூர்வமில்லை. வண்டி இழக்கிற உயரத்தின் சக்தி 490 கிலோஜூல். டயரின் உருட்சியும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மிச்சம் ஏறக்குறைய 375. அதாவது 60இல் இருந்து பத்துத் தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம், இடைவெளியே இல்லாமல். மணிக்கு 25 கிலோமீட்டரில் இறங்கினால் அஞ்சு நிமிசத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அந்த நேரம் முழுக்க 1300 வாட் சூடு எங்கேயோ போக வேண்டும். வீட்டு அயன் பெட்டி ஒன்று ஆயிரம் வாட். ஒரு அயன் பெட்டியை முழுச் சூட்டில் போட்டு அஞ்சு நிமிசம் பேடில் வைத்து அழுத்திக்கொண்டு வருகிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் சூடு பிரேக்குக்கே போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. முதல் கியரிலோ ரெண்டாவது கியரிலோ போட்டுவிட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும், காசில்லாமல். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நியூட்ரல்ல போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினையும் ஆஃப் பண்ணி, உருட்டுகிறோம். பெட்ரோல் மிச்சம். 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீட்டர் 470 ரூபாயானது ஞாபகம் இருக்கும். வரிசையில் நாள்கணக்கில் நின்று, க்யூஆர் கோடு காட்டி வாங்கிய பெட்ரோலை இறக்கத்தில் எரிக்க யாருக்கு மனசு வரும்? தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் அப்போது ஆயிரம் ரூபாய். நாள் சம்பளத்துக்கு ரெண்டு லீட்டர். எஞ்சினை நிறுத்தி உருட்டியவனை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன், அவன் போட்ட கணக்கு சரியான கணக்கு. அந்தக் கணக்கில் பேடும் டிஸ்க்கும் உயிரும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் கற்றுக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

உருட்டுகிறவனுக்கு டபுள் டிஸ்க் உதவுமா? உதவும். சூடு ரெண்டாகப் பிரியும். இந்த ஒரு இடத்தில் டபுளின் பக்கம் உண்மையான நியாயம் இருக்கிறது. ஆனால் கியரில் இறங்குகிறவனின் சிங்கிள், உருட்டுகிறவனின் டபுளை விடக் குளிர்ச்சியாக இருக்கும்.

மழையைச் சொல்லாமல் மலைநாட்டு பிரேக் கதையை முடிக்க முடியாது. 1970களின் ஜப்பான் டிஸ்க்குகள் துருப்பிடிக்காத எஃகில் செய்யப்பட்டவை, பார்க்க வெள்ளி மாதிரி மினுங்கும். ஐரோப்பியர்கள் வார்ப்பிரும்பு போட்டார்கள், ஒரு ராத்திரி மழைக்கே செம்மண் நிறத்துக்கு மாறிவிடும், ஆனால் நல்லாப் பிடிக்கும். ஜப்பான் டிஸ்க் மழையில் ஒரு கெட்ட பேர் வாங்கியது: லீவரைப் பிடித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது, தண்ணீர் வழிச்சுப் போன பிறகு திடீர்னு பிடிக்கும். டபுள் டிஸ்க் போட்ட பெரிய வண்டிகளுக்கும் இதே பிரச்சினை. ரெண்டு தகடும் சேர்ந்தே நனைகிறதே! கடைசியில் இதைத் தீர்த்தது தகட்டின் எண்ணிக்கை இல்லை. பேடில் உலோகத் தூளைச் சேர்த்துச் சுட்டார்கள், தகட்டில் துளை போட்டார்கள். ஹோண்டா இடையில் ஒரு விசித்திரமும் பண்ணிப் பார்த்தது. 1982 விடி250எஃப் வண்டியில் வார்ப்பிரும்பு டிஸ்க்கை ஒரு மூடிக்குள் ஒளித்து வைத்தார்கள், துருவும் தெரியாது, மழையும் படாது. கழட்டிப் பூட்டுகிற பாஸ்மாருக்குத் தலைவலி. நீடிக்கவில்லை. லிந்துலையில் தலவாக்கலையில் ஜூன் மாத மழையில் ஓட்டுகிற ஒருவருக்கு, மலிவு பேடா நல்ல பேடா என்பதுதான் முதல் கேள்வி. பேட் வாங்கும்போது நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிற ஆள் டபுள் டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்கில் கூடக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். எனக்கு இது விளங்குவதில்லை.

பிரேக் எண்ணெய் இன்னும் மோசம். அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சுகிற எண்ணெய். டொட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் குடிச்ச பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205இல் இருந்து 140க்கு. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழியை அமுக்கலாம், அதனால் பேடை அமுக்க முடியாது. லீவர் கைப்பிடி வரைக்கும் வரும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். வருசம் முழுக்க மூடுபனியில் நிற்கிற நம்ம பைக்குகளில் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவையாவது இதை மாற்ற வேண்டும். எத்தனை பேர் மாற்றுகிறோம்? மேல் டப்பாவின் கண்ணாடியில் எண்ணெய் தேத்தண்ணி நிறத்தில் தெரிந்தால் அதுக்கு வயசாகிவிட்டது.

பழைய டபுள் டிஸ்க் பைக்கில் இது எல்லாமே ரெண்டு மடங்கு. ரெண்டு கலிபர், ரெண்டு மடங்கு பிஸ்டன், ரெண்டு மடங்கு ரப்பர் சீல், நாலு பேட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் அஞ்சு வருசம் இருந்த வண்டியையே ஓட்டித் தீர்த்தோம். அந்த வண்டிகள்தான் இப்போது விலைக்கு வருகின்றன. ஒரு பக்கக் கலிபர் இறுகிப் போன டபுள் டிஸ்க்கை விட, சுத்தமாக வேலை செய்கிற சிங்கிள் நல்லது. இறுகியது சும்மா இருப்பதில்லை, பேடைத் தகட்டோடு ஒட்டி வைத்துச் சூடாக்கிக்கொண்டே வரும். பார்க்கிற வழி சுலபம்: கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்க. ரெண்டு தகட்டுக்குக் கிட்டயும் கையைக் கொண்டுபோங்க, தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்க, இல்லை விட்டுட்டு வாங்க.

சிங்கிள் டிஸ்க் பைக்கில் இன்னொரு தகடும் கலிபரும் பூட்டித் தரச் சொல்லிக் கராஜுக்குப் போகிற தம்பிமாருக்கு ஒன்று. இசட்1 காலத்தில் கம்பனியே அதுக்கு வழி வைத்திருந்தது, உங்க பைக்கில் அப்படி இல்லை. மேலே கைப்பிடியில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் ஒரு கலிபருக்கு எண்ணெய் தள்ளுகிற அளவுக்குச் செய்யப்பட்டது. ரெண்டு கலிபரைக் கொடுத்தால் லீவர் ரெண்டு மடங்கு தூரம் பயணிக்கும், கைப்பிடியில் முட்டினாலும் முட்டும். அதை மாற்றினால் ஹோஸ் மாற்ற வேண்டும், மறு பக்க ஃபோர்க் கால், சக்கரத்தின் ஹப் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல டயர் போடலாம்.

கம்பனிகளே இப்போது திரும்பி வருகின்றன. கேடிஎம் 390 டியூக் சிங்கிள். தமிழ்நாட்டில் செய்து உலகம் முழுக்க விற்கிற ரோயல் என்ஃபீல்டின் இண்டர்செப்டர் 650, 200 கிலோவுக்கு மேல் எடை, முன்னால் 320 மில்லிமீட்டர் தகடு ஒன்றே ஒன்று. கலிபர் நல்லதாகி, பேட் நல்லதாகி, தகடு பெரிதாகி, கூடவே ஏபிஎஸ் வந்த பிறகு ரெண்டாவது தகட்டின் தேவை பல வண்டிகளுக்கு இல்லாமல் போனது. ஏபிஎஸ் 1988இல் பிஎம்டபிள்யூவின் கே100 வண்டியில் முதலில் வந்தது. 30 வருசம் கழித்து, 2018–2019இல், இந்தியா 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஈரமான வளைவில் பயந்து லீவரை முழுசாகப் பிடிக்கிறவனைக் காப்பாற்றுவது ரெண்டாவது தகடு இல்லை, அதுதான். சிங்கிள் டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள ஒன்று, டபுள் டிஸ்க்கும் ஏபிஎஸ் இல்லாததும் ஆன ஒன்று, ரெண்டும் ஒரே விலைக்கு முன்னால் நின்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இதெல்லாம் பைக் ஆசை உள்ள பையன்களின் பேச்சு. இப்போது நம்ம ரோடுகளில் கூடிக்கொண்டு வருவது ஸ்கூட்டி. டீச்சர்மார், நர்ஸ்மார், வங்கியில் வேலை செய்கிற அக்காமார், பிள்ளையை ஸ்கூலுக்கு ஏற்றிப் போகிற அம்மாமார். கியர் இல்லாத வண்டி. வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் அதன் கிளட்ச் தானாக விட்டுவிடும், அதோடு எஞ்சின் பிடிப்பும் போய்விடும். அதாவது, செங்குத்தான தோட்டத்து ரோட்டில் மெதுவாக, கவனமாக இறங்குகிற ஆளுக்குத்தான் எஞ்சின் உதவி கிடைக்காது. அயன் பெட்டிக் கணக்கு முழுசாக பிரேக்கின் தலையில். அந்த ஸ்கூட்டியில் பலது முன்னாலும் டிரம், பின்னாலும் டிரம், சக்கரமும் சின்னது. அதே மாடலிலேயே டிரம் போட்டது ஒரு விலைக்கும், முன்னால் டிஸ்க் போட்டது கொஞ்சம் கூடுதல் விலைக்கும் வருவதுண்டு. சமதரை நகரத்தில் அந்த வித்தியாசம் பெரிசில்லை. பொகவந்தலாவையில், மஸ்கெலியாவில், புசல்லாவையில் அது பெரிசு. வீட்டில் யாராவது ஸ்கூட்டி எடுக்கப் போகிறார்கள் என்றால், கலரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் முன் சக்கரத்தைப் பாருங்க. ஷோரூமில் கையில் இருப்பது டிரம் மட்டும்தான் என்றால், டிஸ்க் வரும் வரைக்கும் ஒரு மாசம் காத்திருக்கச் சொல்லுங்க.